ஜெசிந்தா கொடுத்த சிவப்பு மாத்திரை

அந்த மாத்திரையை விழுங்கிய அன்று சாயங்காலம், என் சிறுநீர் ஆரஞ்சுச் சாறு போலப் பளீரென்று போனதைப் பார்த்து, பயப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நான் நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. அதைவிட வியப்பு, மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் காலையிலிருந்து எரிந்த எரிச்சல் இருந்த இடம் தெரியவில்லை!

கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் நான் அப்போது பத்தாம் வகுப்பு. பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது என்பதால், காலையில் ஒரு மடக்குத் தண்ணீரோடு கிளம்பி, மாலை வீடு திரும்பும்வரை அடக்கிக்கொள்வதுதான் எங்கள் எல்லோருடைய வழக்கமும். அதனால் வரும் நீர்க்கடுப்புக்கு வீட்டில் 'சூடு புடிச்சிருக்கு' என்று ஒரே பெயர். "வெயில்ல ஆடாதன்னா கேக்குறியா?" என்று திட்டிக்கொண்டே அம்மா தொப்புளில் விளக்கெண்ணெய் வைப்பாள்.

என் பெஞ்சுத் தோழி ஜெசிந்தாவிடம் அதைவிட வேகமான மருந்து இருந்தது. அவளுடைய அண்ணிக்கு இதே தொல்லைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்து மிஞ்சியவை: கொஞ்சம் கேப்சூல், கொஞ்சம் சிவப்பு மாத்திரை. கேப்சூல் வயிற்றைப் புரட்டியது, சிவப்பு உடனே கேட்டது. ஆகவே சிவப்பை மட்டும் ஐந்து பேர் பங்குபோட்டுக்கொண்டோம். "ஒனக்குக் கலர் வந்துச்சாடி?" என்று இடைவேளைகளில் கேட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தோம். பெரியவர்கள் யாருக்கும் தெரியாமல் ஒரு நோயையே ஜெயித்துவிட்ட பெருமையில் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

நான்காம் நாள் கோ-கோ பயிற்சியில் ஓடும்போது முதுகில், விலாவுக்குக் கீழே, சுருக்கென்று பிடித்தது. கொளுத்தும் வெயிலில் பற்கள் அடித்துக்கொள்ளும் குளிர். உட்கார்ந்த இடத்திலேயே வாந்தி. பி.டி. டீச்சர் ஆட்டோ பிடித்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். யாரும் கூப்பிடாமலே ஜெசிந்தாவும் ஏறிக்கொண்டாள்.

"என்ன மாத்திரை சாப்புட்ட?" என்றார் டாக்டரம்மா.

"ஒண்ணுமில்லங்க" என்றேன்.

ஜெசிந்தா அழுதுகொண்டே மாத்திரைப் பட்டையை மேசைமேல் வைத்தாள். "நாந்தாங்க குடுத்தேன். இவளுக்கு ஏதும் ஆயிருமாங்க?"

"இது எரிச்சல மட்டுந்தாம்மா அமுக்கும். கிருமி அது பாட்டுக்குக் கிட்னி வரைக்கும் ஏறிருச்சு. நல்லவேளை, மறைக்காமச் சொன்ன." பிறகு என் பக்கம் திரும்பினார். "தண்ணி ஏன் குடிக்கிறதில்ல?"

"பாத்ரூம்ல தாழ்ப்பா இல்லங்க."

பி.டி. டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஊசியும் மருந்துமாக ஒரு வாரம் படுத்துக் கிடந்தேன். நான் இல்லாத ஆட்டத்தில் எங்கள் அணி தோற்றது. மீண்டும் பள்ளிக்குப் போன அன்று மதியம், டீச்சர் கையில் புதுத் தாழ்ப்பாளும் திருப்புளியும்! "இங்கிட்டு வாங்கடி, கதவப் புடிங்க" என்றார். நாங்கள் பிடித்துக்கொள்ள, ஜெசிந்தா நாக்கைத் துருத்திக்கொண்டு ஒவ்வொரு திருகாணியாக முடுக்கினாள். முதலில் யார் போவது என்று அடிதடியே நடந்தது. கடைசியில் எல்லோருமாக என்னைத்தான் உள்ளே தள்ளினார்கள். நான் தாழ்ப்பாளை 'டக்'கென்று போட்டதும் வெளியே எழுந்த கூச்சலில், தலைமையாசிரியை அறையிலிருந்தே ஓடிவந்துவிட்டார்.

அந்தக் கழிப்பறையை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். ஜெசிந்தா இப்போது வெளிநாட்டில். நான் கீரனூரில் குடியிருந்து, தினமும் திருச்சிக்குப் பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறேன். போன மாதம் பஸ் ஸ்டாண்டில், அத்தனை பேருக்கு நடுவில், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் உரக்கச் சொன்னாள்: "அம்மா, ஒண்ணுக்குப் போனா எரியுது. மொதல்ல டாக்டர்ட்டப் போவோம், அப்பறம் ஸ்கூலுக்குப் போறேன்."

இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கண்டுகொள்ளவே இல்லை. 'மெதுவாப் பேசுடி' என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கிவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கமாக நடந்தேன்.