தம்பூலி அணிக்கு ஏழாம் இடம்

பிலிப்பைன்ஸின் மரிகினா ஊரில் ஷூ தைக்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரு ஷூவின் அடியைப் புரட்டிப் பார்த்து, "நீ இடது பக்கமாத்தான் திரும்புவ. வலது பக்கம் மறிச்சா பந்தை விட்டுருவ" என்று சொல்லக்கூடியவர் நர்சிசோ பலிசோக் ஒருவர்தான். ஊருக்கு அவர் சிசோ.

சிசோ படித்தது ஹைஸ்கூல் இரண்டாம் வருடம் வரை. அப்பா இறந்தபோது தம்பி அபெலுக்கு மூன்று வயது, சிசோவுக்குப் பதினைந்து. அதற்குமேல் படிப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆனாலும் பதினான்கு வருடமாக ‘கூடை வாரம்’ என்ற கூடைப்பந்துப் பத்திரிகையில், சீசன் தொடங்குவதற்கு முந்திய வியாழக்கிழமை, அணிகளின் முன்னோட்டத்தை எழுதுவது அவர்தான். முன்பு எழுதிக்கொண்டிருந்தவரின் முன்னோட்டத்தில் பதினொரு தவறுகள் இருக்கின்றன என்று வரிசையாக எண் போட்டு சிசோ ஒரு கடிதம் அனுப்பினார். அடுத்த வருடம் ஆசிரியர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். "குறை சொன்னீங்கல்ல, நீங்களே எழுதுங்க."

பன்னிரண்டு அணிகள். அணிக்குப் பதினைந்து பேர். ஆளுக்கு ஒரு வரி. கடைசியில் எந்த அணி எந்த இடத்தில் முடியும் என்று ஒரு பட்டியல். நூற்றெண்பது வரியில் ஒன்றுகூடக் கேள்விப்பட்டு எழுதியதாக இருக்காது. கடையைச் சாத்திவிட்டு ஜீப்னி என்னும் சிறு பஸ்களில் மாறி மாறிப் போய், ஒவ்வொரு அணியின் காலைப் பயிற்சியையும் மேல்படியில் உட்கார்ந்து பார்ப்பார். நண்பர், பகைவர் என்று பார்க்க மாட்டார். பக்கத்துத் தெரு ஆட்டக்காரன் ரெமிஹியோவைப் பற்றி, ‘வயிறு முன்னால் ஓடுகிறது, இவன் பின்னால் ஓடுகிறான்’ என்று எழுதியதற்கு ரெமிஹியோ மூன்று வருடம் அவரோடு பேசவில்லை. அதனால்தான் கோச்சுகளும் அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துப் பைக்குள் வைத்துக்கொள்வார்கள்.

அந்த வருடம் செப்டம்பர் கடைசி. அந்த ஊர் வழக்கப்படி செப்டம்பர் பிறந்ததுமே ரேடியோவில் கிறிஸ்துமஸ் பாட்டு தொடங்கி, ஒரு மாதம் ஆகிவிட்டது. திங்கட்கிழமை காலை அபெல் கடைக்கு வந்தான்.

அபெலார்டோ பலிசோக், முப்பத்து மூன்று வயது, தம்பூலி மத்தி டின் கம்பெனியின் அணியில் ஒன்பது சீசன், முந்நூற்று எழுபத்தொரு ஆட்டம். இந்த எண்கள் அபெலுக்கே தெரியாது. சிசோவின் நோட்டில் தேதியோடு இருக்கின்றன. மூன்று பேர் நடுவே, யாரையும் பார்க்காத மாதிரி பார்த்துப் பந்தைக் கடத்துவதில் அபெலுக்கு ஈடு கிடையாது என்பது சிசோவின் எண்ணம். அது சரிதானா என்று பலமுறை தன்னையே குறுக்கு விசாரணை செய்திருக்கிறார். சரிதான்.

"அடி தேஞ்சிருச்சுண்ணே. மாத்திக் குடு" என்று ஷூ ஜோடியை மேசைமேல் வைத்தான் அபெல்.

சிசோ புரட்டிப் பார்த்தார். இடது ஷூவின் முன்பாதம் எலி கடித்தது போலிருந்தது. வலது ஷூவில் வரிகள் கடையில் வாங்கிய அன்று போலவே கூர்மையாக நின்றன.

"ரெண்டும் ஒரே நாள் வாங்கினதுதானே?"

"ஆமா. ஏன்?"

"வலது கால் லீவுல போயிருக்கா?"

அபெல் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. கடையின் பாதிக்கதவை இழுத்துச் சாத்தினான்.

"எத்தனை நாளாடா?"

"ஜூன்லேருந்து. குந்தி எந்திரிக்கிறப்ப முட்டிக்குள்ள ஏதோ நழுவுது. ஐஸ் வெச்சா வீக்கம் வடிஞ்சிடுது. கோச்சுக்குத் தெரியாது, டாக்டருக்குத் தெரியாது, வீட்டுலயும் தெரியாது. உனக்குக்கூட நான் சொல்லல. இந்த ஷூ சொல்லிருச்சு."

தம்பூலி கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. எங்கேயும் எழுதி வைக்காத வழக்கம். பத்து சீசன் முடித்த ஆட்டக்காரனை, அவன் ஆட்டத்தை விட்டதும், கிடங்கு அலுவலகத்தில் நாற்காலி போட்டுச் சம்பளத்தோடு உட்கார வைப்பார்கள், அறுபது வயது வரை. ஒன்பது முடித்தவனுக்குக் கைகுலுக்கல், ஒரு பெட்டி மத்தி. பத்தாவது சீசனுக்கான பதினைந்து பேர் இறுதிப் பட்டியலை கோச் லொந்தோக் வெள்ளிக்கிழமை கொடுப்பார். சிசோவின் முன்னோட்டம் வியாழக்கிழமை வரும்.

"அண்ணே, இத நீ எழுதாத. அவ்வளவுதான் கேக்குறேன்."

"எழுதாம எப்படிடா? பதினஞ்சு பேருக்கும் எழுதணுமே."

"பொய் எழுதச் சொல்லல. முதல் வருஷம் என்னைப் பத்தி என்ன எழுதின? ‘கை நடுங்குகிறது, பந்தைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்க்கிறான்’. கூடப் பொறந்தவன்னுகூடப் பாக்கல."

"நடுங்கிச்சு. எழுதினேன்."

"அதான் பயமா இருக்கு" என்றான் அபெல்.

செவ்வாய்க்கிழமை சிசோ பயிற்சிக்கூடத்துக்குப் போனார். ஷூ தப்பாகச் சொல்லியிருக்கலாம் என்ற நப்பாசை. மேல்படியில் உட்கார்ந்து எண்ணினார். அபெல் நாற்பத்தொரு முறை எம்பினான். முப்பத்தேழு முறை இடது காலில் மட்டும் இறங்கினான். இறங்கியதும் கையைத் தட்டுவான், யாரையாவது பெயர் சொல்லி அழைப்பான், கேலி செய்வான். எல்லார் பார்வையும் அவன் முகத்துக்குப் போகும், காலுக்குப் போகாது. பந்தைக் கடத்துகிற அதே வித்தையால் வலியையும் கடத்திக்கொண்டிருந்தான். சிசோவுக்கு அந்த நிலையிலும் ஒரு பெருமை வந்தது.

புதன்கிழமை விடிந்ததும் எழுத உட்கார்ந்தார். பன்னிரண்டு மணிக்குப் பத்திரிகையின் மோட்டார் சைக்கிள் ஆள் வந்துவிடுவான். பத்து மணிக்குள் பதினொரு அணியும் முடிந்தது. தம்பூலியில் பதினான்கு பேர் முடிந்தார்கள்.

மனைவி மிலா பூண்டுச் சோறும் கருவாடும் கொண்டுவந்து வைத்தாள். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தபோது ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

"யாரு செத்துட்டா?"

"அபெலுக்கு எழுதணும்."

"உன் தம்பிக்கு எழுத இவ்வளவு நேரமா? ‘எங்க வீட்டுல நாலு தட்டு சோறு தின்பான்’னு எழுது. அதைவிட உண்மை கிடையாது."

அவர் சிரிக்கவில்லை. ‘முழங்கால் போய்விட்டது’ என்று எழுதினால் வெள்ளிக்கிழமைப் பட்டியலில் அபெல் இல்லை. ‘முழங்கால் நன்றாக இருக்கிறது’ என்று எழுதினால் மற்ற நூற்றெழுபத்தொன்பது வரியும் பொய்யாகும். ரெமிஹியோவுக்கு என்ன பதில் சொல்வது? எழுதாமல் விட்டால் அந்த வெற்றிடமே கூவும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். தப்பாக எழுத வராத கையை இத்தனை வருடம் பழக்கியது யார்? அவரேதான்.

பதினொன்றரைக்குப் போன வருடத்து நோட்டை எடுத்தார். அபெலுக்கு அன்று எழுதிய வரி: ‘பந்து இவன் கையில் இருந்தால் மற்ற நால்வருக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும்.’ அது போன வருடமும் உண்மை. இந்த வருடமும் உண்மைதான். காலைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. அதை அப்படியே பார்த்து எழுதினார். யார் கையிலும் போன வருடத்துத் தாள் இருக்கப்போவதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஆனால் பட்டியல் மிச்சம் இருந்தது. ரேடியோவும் மற்றப் பத்திரிகைகளும் தம்பூலிக்கு முதல் இடம், மிஞ்சிப்போனால் இரண்டாம் இடம் என்று சொல்லிக்கொண்டிருந்தன. புது வெளிநாட்டு ஆட்டக்காரர் மலை மாதிரி இருந்தார். ஆனால் கடைசி ஐந்து நிமிடத்தில் அவர் கைக்குப் பந்தைக் கொண்டுபோக வேண்டியவன் அபெல். ஒரு காலோடு எத்தனை ஆட்டம் கொண்டுபோவான்? சிசோ முதல் இடத்தில் தம்பூலி என்று எழுதப் பார்த்தார். கை போகவில்லை. ஏழு என்று எழுதினார். வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

வியாழக்கிழமை காலை குலாஸின் முடிவெட்டும் கடையில் வழக்கமான கூட்டம். தலைமுடி பாதி வெட்டப்பட்ட நிலையில் ஜீப்னி ஓட்டுகிற தினோய் பத்திரிகையை உரக்க வாசித்துக்கொண்டிருந்தான். சிசோ தெருவைக் கடந்து தப்பிக்கப் பார்த்தார். முடியவில்லை.

"வாங்க ஜோசியரே! ஏழாவதா? எந்த டின்ல போட்டு அடைச்சீங்க தம்பூலிய?"

"கண்ணாடி மாத்த வேண்டிய வயசு, சொன்னா கேக்குறாரா" என்றார் குலாஸ். "சொந்தத் தம்பி ஆடுற டீம் சார்."

"அதனாலதான்யா ஏழு. நேர்மையாம்! முதல்ல போட்டா ஊர் சிரிக்கும்னு பயம்" என்றான் தினோய்.

கடை சிரித்தது. சிசோவும் சிரித்து வைத்தார். இதோடு போய்விடும் என்று ஒரு கணம் நம்பினார். குலாஸ்தான் விடவில்லை. அவர் கேலி செய்கிற ஆள்தான், ஆனால் சிசோவின் வாசகர். பதினான்கு வருட முன்னோட்டத்தையும் வரிசையாகக் கண்ணாடிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். சிசோ மாதம் ஒருமுறை அந்தச் சுவருக்கு முதுகு காட்டித்தான் முடி வெட்டிக்கொள்வார்.

"இருங்கடா. இவரு சும்மா ஏழு போட மாட்டாரு. ஆளாளுக்குப் பாப்போம்" என்று குலாஸ் கத்தரியால் வரிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். வெளிநாட்டுக்காரர் நன்று. நடுவில் ஆடுகிறவன் போன வருடத்தைவிட வேகம். தூரத்திலிருந்து கூடையில் போடுகிறவனுக்குப் பழைய குறி திரும்பியிருக்கிறது. பதினான்கு பேரும் ஒன்று அப்படியே, இல்லையென்றால் மேலே. "எவனும் கீழ போகல. அப்புறம் டீம் எப்படிக் கீழ போகும்?"

அபெல் வரியில் கத்தரி நின்றது. குலாஸ் சுவரைப் பார்த்தார். மறுபடி பத்திரிகையைப் பார்த்தார். பத்திரிகையைச் சுவரில் போன வருடத் தாளுக்குப் பக்கத்தில் பிடித்தார். எழுத்துக்கு எழுத்து ஒன்று.

"சிசோ அண்ணே" என்றார். குரலில் கேலி இல்லை. "நீங்க ஒரு வரிய ரெண்டு தடவ எழுதினதே இல்லையே."

தினோய் கண்ணாடி வழியாகச் சிசோவைப் பார்த்தான். சிசோ வெளியே வந்துவிட்டார்.

கோச் லொந்தோக்குக்கு முடிவெட்டும் கடையும் சுவரும் தேவைப்படவில்லை. அவர் பையிலேயே போன வருடத்துத் துண்டு இருந்தது. பிற்பகல் சிசோவின் கடைக்கு வந்து, இரண்டு துண்டுகளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மேசையின் கீழே அபெலின் ஷூ, புது அடியோடு தயாராக இருந்தது. பழைய அடிகள் இரண்டும் குப்பைக்கூடையில் கிடந்தன. சிசோ காலால் கூடையைப் பின்னுக்குத் தள்ளினார்.

"ஏழாவதுக்கு நான் கோவப்படல" என்றார் கோச். "ஒன்னே ஒன்னு சொல்லுங்க. ‘அபெல் நல்லா இருக்கான், எனக்கு வேலைச் சுமை, எதுவும் தோணல, பழச எழுதிட்டேன்.’ இப்படிச் சொல்லுங்க. நான் நம்பிட்டுப் போறேன். உங்க வாய்லேருந்து வந்தா போதும்."

அந்த மனிதர் உண்மையிலேயே நம்பத் தயாராக இருந்தார். முகத்தில் தெரிந்தது. அபெலை அவருக்கும் பிடிக்கும். நான்கு சொல் போதும். சிசோ வாயைத் திறந்தார். ஊசியை நூல் கோக்காமலே தோலில் இறக்கினார்.

"அபெல்கிட்டயே கேளுங்க கோச்."

லொந்தோக் இரண்டு துண்டுகளையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "இதுவே அவன்கிட்ட கேட்ட மாதிரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமைப் பட்டியலைச் சாயங்காலம் ரேடியோ வாசித்தது. பதினைந்து பெயர். பலிசோக் இல்லை. மிலா ரேடியோவை அணைத்தாள். அன்று அவள் ஒரு கேலியும் செய்யவில்லை.

சனிக்கிழமை காலை அபெல் ஷூவை வாங்க வந்தான். சிசோ எழுந்து நின்றார். எதற்காக எழுந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. அபெல் முக்காலியை இழுத்து வலது காலை நீட்டி உட்கார்ந்தான்.

"கோச் குந்தச் சொன்னாரு. ஒரு தடவ. குந்தினேன். எந்திரிக்கக் கை குடுத்தாரு."

"நான் எழுதலடா."

"தெரியும்ணே. நீ எழுதல. சொல்லவும் இல்ல." அபெல் ஷூவின் புது அடியை விரலால் தடவினான். "எழுதியிருந்தா உன்கிட்டச் சண்டை போட்டிருப்பேன். ரெமிஹியோ மாதிரி மூணு வருஷம் பேசாம இருந்திருப்பேன். இப்ப அதுக்கும் வழி இல்லாமப் பண்ணிட்ட."

சிசோ மேசைமேல் கிடந்த நூலை எடுத்துச் சுற்றத் தொடங்கினார். அபெலே மறுபடி பேசினான்.

"சரி, சொல்லு. என்ன எழுதணும்னு நெனச்ச? மனசுல ஒன்னு வெச்சிருந்திருப்பியே."

சிசோ நோட்டைத் திறக்கவில்லை. அந்த வரி மனப்பாடமாக இருந்தது. "‘வலியையும் பந்தைப் போலவே மறைத்துக் கடத்துகிறான். எத்தனை நாளைக்கு?’"

அபெல் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்கு. போன வருஷத்தைவிட நல்லா இருக்கு" என்றான். ஷூவைக் கயிற்றில் கோத்துத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு, மேசையைப் பிடித்து எழுந்தான். "வரேண்ணே."

இனி மறைக்க வேண்டிய ஆள் யாரும் இல்லை. அபெல் காலை இழுத்தபடியே தெருவில் நடந்தான். சிசோ பார்க்க வேண்டாம் என்றுதான் தலையைக் குனிந்தார். குனிந்த தலை தானாக நிமிர்ந்தது. தெருமுனை வரை முப்பத்தாறு காலடி. வலது கால் பதினெட்டு முறை தரையைத் தொட்டது. ஒருமுறைகூட முழுதாக ஊன்றவில்லை.