பூஞ்சணம் கருகிய தொட்டி

மிஸ்ஸை நினைத்தால் முதலில் வருவது அவருடைய மேசையில் இருந்த இரண்டு ஜாம் போத்தல்கள்தான். ஒன்றில் எங்கள் தும்பு ஆலையின் கழிவு நீர், சாயம் கூடின பிளேன்டீயைப் போல. மற்றதில் அதே நீர், பூஞ்சணத் தொட்டியில் ஐந்து நாள் கிடந்து வெளிவந்தது. அதற்குப் பின்னால் பத்திரிகையைப் பிடித்தால் எழுத்தை வாசிக்கலாம். தொட்டியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதனால் என்னிடம் போத்தலைத் தந்து, "மணந்து பாருங்க நானா" என்றார்; அண்ணன் முறை வைத்து என்னை அப்படித்தான் கூப்பிடுவார். மழைக்குப் பிந்திய, மரம் அரியும் மரக்காலையின் வாசம் அடித்தது.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தேங்காய் மட்டை ஊறிய நீரை ஆலை நேரே கடலோரக் களப்புக்குள் விட்டுக்கொண்டிருந்தது. கரையோரம் மீன் அற்றுப்போயிற்று என்று வலைகாரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். அவர்களில் என் மச்சானும் ஒருவர். அதன்பிறகே கழிவு நீரைச் சுத்தமாக்க முதலாளி மிஸ்ஸை வேலைக்கு எடுத்தார். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களைத் துரத்தியபோது மன்னாரிலிருந்து உம்மாவின் இடுப்பில் வந்து, முகாம் கொட்டிலில் வளர்ந்து, விஞ்ஞானம் படித்து முடித்தவர். ஆலைக்குப் பின்னால் உக்கிக் கிடந்த தென்னங்குற்றியில் படர்ந்திருந்த வெள்ளைப் பூஞ்சணத்தைச் சுரண்டி எடுத்து மரத்தூளில் வளர்த்தார். மட்டைச் சாயத்தை அது தின்னும் என்றார். நாங்கள் சிரித்தோம். அது தின்றது.

"இது உசிருள்ள சாமான்," என்பார். "தும்பு வெளுக்கிற மருந்துத் தண்ணி மட்டும் இதுக்குள்ள வந்துடக் கூடாது." அந்த நீர் தனிக் குழியில் சேர்ந்தது. குழிக்கும் தொட்டிக்கும் நடுவில் ஒரு வால்வு. அதன் சாவி என்னிடம் இருந்தது.

வெளுத்த தும்புக்குப் பெரிய ஓடர் ஒன்று வந்து குழி நிரம்பிவிட்டது. மிஸ் லீவில் போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை மனேஜர் வந்தார்.

"வால்வைத் திற."

"மிஸ் கூடாதெண்டு சொன்னவ, சேர்."

"உனக்கு வேல தந்தது மிஸ்ஸா?"

எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து நாற்பது நாளும் ஆகவில்லை. திறந்தேன். அன்று ஜும்ஆத் தொழுகையில் கைகட்டி நின்றபோது விரல்களில் மருந்து நாறியது.

திங்கட்கிழமை மிஸ் தொட்டியோரம் குந்தி, கருகிச் சளியாகிப்போன பூஞ்சணத்தைக் கையால் அள்ளிப் பார்த்தார். "ஏதாச்சும் உட்டீங்களா நானா?" என்று கேட்டார். மனேஜர் எனக்குப் பக்கத்தில் நின்றார். "இல்ல மிஸ்" என்றேன். மிஸ் நம்பினார். பிழையைத் தன்னிடமே தேடத் தொடங்கினார்: மரத்தூள் சரியில்லையோ, வெயில் கூடிவிட்டதோ என்று. இன்னும் இரண்டு தரம் வளர்த்தார். இரண்டு தரமும் குழி நிரம்பியது. இரண்டு தரமும் நான் திறந்தேன்.

பூஞ்சணக் கதை சரிவராது என்று சொல்லி அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். போகிற அன்று வாசலில் என் மச்சான், "உங்கள நம்பித்தானே மிஸ் நாங்க பேசாம இருந்த" என்றார். மிஸ் தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறினார். நான் அவருடைய பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு ஆலைக்குள் போனேன்.

மச்சான் இப்போது அடுத்தவர் தோட்டத்தில் வெங்காயம் பிடுங்குகிறார். கழிவு நீர் களப்புக்குத்தான் போகிறது. நான் இன்னும் அந்த ஆலையில்தான் இருக்கிறேன்.

போன நோன்பு மாதத்தில் மிஸ் போனில் கோல் எடுத்தார். மன்னாரில் படிப்பிக்கிறாராம். "இண்டைக்குப் பிள்ளைகளுக்குப் பூஞ்சணம் படிப்பிச்சன் நானா, உங்கட ஞாபகம் வந்திச்சு," என்றார். பிறகு, "நான் எங்க பிழை விட்டன் எண்டு இன்னும் விளங்கல்ல" என்றார்.

நான் நோன்பு பிடித்திருந்தேன்.

"எனக்கும் விளங்கல்ல மிஸ்" என்றேன்.