இந்த மணி உனக்கில்லை

கல்லூரியில் அவளுக்குப் ‘பதற்ற மேடம்’ என்று பேர். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குத் தேர்வு ஏற்பாடு செய்வது அவள் வேலை. யாருக்குத் தனி அறை, யாருக்குக் கூடுதல் நேரம், யார் சொல்ல யார் எழுதுவது, எல்லாம் அவள் தலையில். தேர்வு வந்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

“பரீட்சை எங்களுக்கா, உங்களுக்கா மேடம்?” என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள்.

“எனக்குத்தான். நீங்க சும்மா எழுதுறீங்க.”

இந்தப் பயம் தம்பியால் வந்தது. அவனுக்குக் கை கால் இழுக்கும், பேச்சு மெதுவாக வரும். அவன் வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவர்கள் மிச்சத்தைத் தாங்களே சொல்லி முடித்துவிடுவார்கள். கடைசியில் ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். எங்கே வலிக்கிறது என்று கேட்ட டாக்டர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவள் அப்போது மருந்து வாங்கப் போயிருந்தாள். தம்பி பிழைக்கவில்லை.

அந்த வருடம் தம்பியைப் போலவே பேசுகிற மாணவன் ஒருவன் இருந்தான். பொருளாதாரம் மட்டும் பாக்கி. அது போனால் கைக்கு வந்த வேலையும் போகும். அவன் பேச்சுக்குப் பழகி எப்போதும் எழுதித் தருகிறவர், தேர்வன்று காலையில் ஜுரம் என்று போன் செய்தார். அதே பாடம் படிப்பவர் எழுதித் தரக்கூடாது என்பது விதி. வராந்தாவில் நின்ற வரலாற்று மாணவியைக் கையோடு இழுத்து வந்தாள்.

“அவன் சொல்றத அப்படியே எழுதணும்மா. நீயா முடிச்சு எழுதிடாத.”

“சரி மேடம். பயப்படாதீங்க.”

“அது நடக்கற காரியமா?”

தேர்வு முடியும் நீண்ட மணி அடித்தபோது அவள் அலுவலகத்தில் இருந்தாள். மற்ற அறைகள் காலியாகும் சத்தம் கேட்டது. அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எல்லாம் சொன்னவள், அவனுக்குக் கூடுதல் நேரம் உண்டு, இந்த மணி அவனுக்கில்லை என்று அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. பழைய ஆளுக்கு அதைச் சொல்லத் தேவையிருந்ததில்லை. இவளோ மணி கேட்டதும் எழுந்தே பழகியவள். அறைக் கண்காணிப்பாளரும் புதியவர். வாங்கிய விடைத்தாளைத் திருப்பித் தரமாட்டார்கள்.

ஓடினாள். படிக்கட்டில் ஒரு செருப்பு கழன்று விழுந்தது.

அறையில் அந்தப் பெண் தாள்களைக் கட்டும் நூலைக் கையில் பிடித்தபடி விழித்துக்கொண்டிருந்தாள். மாணவன் விடைத்தாள்மேல் தலையைக் கவிழ்த்து, இரு கைகளாலும் அதை வளைத்துக் கிடந்தான்.

“மயக்கம் போலிருக்கு மேடம். தாளை எடுக்க முடியல” என்றார் கண்காணிப்பாளர்.

“கொஞ்சம் இருங்க சார். அவன் சொல்லட்டும்.”

அவன் நிமிர்ந்தான். கன்னத்தில் மை ஒட்டியிருந்தது. தாடை நடுங்கி ஒரு சொல் வந்தது. அடுத்தது வரவில்லை. மிச்சம் அவளுக்குத் தெரியும். நாக்கு நுனியில் நின்றது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“எனக்கு... இன்னும்... நேரம்... இருக்கு.”

“இருக்கு” என்றாள். கண்காணிப்பாளர் கூடுதல் நேரத்துக்கான அனுமதிச் சீட்டை இப்போதுதான் புரட்டிப் பார்த்தார். முகம் சுருங்கி நாற்காலியில் உட்கார்ந்தார்.

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. “எங்க விட்டோம்?” என்று அவனிடம் கேட்டுவிட்டுப் பேனாவைத் திறந்து காத்திருந்தாள்.

பதற்ற மேடம் அலுவலகத்துக்குத் திரும்பவில்லை. ஒற்றைச் செருப்போடு கதவுக்கு வெளியே நின்றாள். அதன்பின் எந்தத் தேர்வானாலும், அந்த நீண்ட மணி அடிக்கும்போது அவள் அங்கேதான் நின்றாள், உள்ளங்கை வேர்க்க.