மின்னல் அக்காவின் எல்

குடிநீர் அலுவலகத்தின் தட்டச்சுப் பிரிவில் நாங்கள் ஆறு பேர். மின்னல் அக்கா அடிக்க ஆரம்பித்தால் பக்கத்து அறைக்காரர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அவ்வளவு வேகம், அவ்வளவு சத்தம். பட்டப்பெயர் நான் வைத்ததுதான். கணவர் இறந்த பிறகு, அந்த வேகத்தை நம்பித்தான் இரண்டு மகள்களையும் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். மனுஷிக்கு எதையும் 'ஏன்' என்று கேட்காமல் விட வராது. மின்விசிறி நின்றால்கூட மேசைமேல் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் ஆளைக் கூப்பிடுவார்.

ஒருநாள் எங்கள் தட்டச்சு இயந்திரங்களை வண்டியில் ஏற்றிவிட்டு, கம்ப்யூட்டர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். வெள்ளிக்கிழமை தேர்வு, அதுவரை பயிற்சி என்றார்கள். மீட்டர் எண்களைத் தப்பில்லாமல், குறித்த நேரத்துக்குள் அடிப்பவருக்கு வேலை உண்டு. மற்றவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அடித்தோம். 'தவறு' என்றது. மறுபடி அடித்தோம். மறுபடியும் 'தவறு'. திரையில் பார்த்தால் எண் அச்சு அசலாகச் சரியாக இருக்கிறது! எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பெட்டியை ஜன்னல் வழியாகத் தூக்கிப் போட்டிருப்பேன்.

"இதுக்கு நம்மளப் பிடிக்கலக்கா. நம்மள விரட்டறதுக்குன்னே வாங்கியிருக்காங்க," என்றேன்.

"சும்மா இருடி. பிடிக்கலன்னா எல்லாத்தையும் தப்புன்னு சொல்லணும்ல? இருபத்தி மூணு அடிச்சா வாங்கிக்குது. பதினேழு அடிச்சாதான் முறைக்குது. ஏன்?"

சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் எழுந்து போனோம். அவர் போகவில்லை. ஒவ்வொரு எண்ணாக அடித்து அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது தன் கையையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"ஏய், நாம ஒன்னு எதுலடி அடிக்கிறோம்?"

எங்கள் பழைய இயந்திரங்களில் ஒன்று என்ற எண்ணே கிடையாது. பூஜ்யமும் கிடையாது. ஒன்று வேண்டுமென்றால் ஆங்கிலச் சின்ன எல், பூஜ்யம் வேண்டுமென்றால் பெரிய ஓ. காகிதத்தில் யாருக்கு வித்தியாசம் தெரியப்போகிறது? கம்ப்யூட்டரில் இரண்டு எண்களும் மேல் வரிசையில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. நாங்கள்தான் பார்க்கவில்லை. கீழே பார்க்காமல் அடிப்பதுதானே எங்கள் பெருமை!

"இதுக்குக் கண்ணே இல்லடி. எழுத்து எப்படி இருக்குன்னு பாக்கல. எந்த பட்டன அமுக்குறோம்னுதான் பாக்குது!"

பயிற்சி கொடுக்க வந்தவர் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "ஏம்மா, இதுக்குள்ள ஓடறதே ஒன்னும் பூஜ்யமும்தான். அது ரெண்டையுமா மாத்திக் குடுத்தீங்க?"

அக்கா உடனே பெட்டியின் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தார். "எங்க சார் ஓடுது?"

மந்தமாக அடிக்கிற நாங்கள் ஐந்து பேரும் சாயங்காலத்துக்குள் மாறிவிட்டோம். அக்காவால் முடியவில்லை. எல், ஓ இரண்டுமே வலது கை மோதிர விரலின் வேலை. வருஷக்கணக்காக ஓடிப் பழகிய விரல், எத்தனை திட்டினாலும் பழைய இடத்துக்கே பாய்ந்தது.

"நான் நினைக்கறதுக்கு முன்னாடியே போயிடுதுடி," என்றார். கண்டுபிடித்தவர் அவர், பிழைக்கப்போவது நாங்கள். இதென்ன நியாயம்?

வெள்ளிக்கிழமை, அந்த விரலை உள்ளங்கைக்குள் மடக்கித் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார்.

"அடிபட்டுடுச்சா?" என்றார் பயிற்சியாளர்.

"இல்ல சார். இவருக்கு இன்னிக்கு லீவு."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. நாங்கள் முடித்துவிட்டு உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் டக்... டக்... என்று தடவித் தடவி அடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தைக் கேட்கவே எனக்குப் பிடிக்கவில்லை. நேரம் முடியப்போகும் கடைசி நொடியில் கடைசி எண்ணும் உள்ளே போனது. கம்ப்யூட்டர் யோசித்தது. பிறகு 'சரி' என்றது.

நாங்கள் குதித்தோம். அக்கா குதிக்கவில்லை. துணியை அவிழ்த்தார். விரல் வெளுத்துப் போயிருந்தது. அதை இடது கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே அழ ஆரம்பித்துவிட்டார்.

"இத்தன வருஷம் எங்களுக்குச் சோறு போட்டது இதுதான்டி. இதப் போயிக் கட்டிப் போட்டுட்டேனே."