தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வராத நோய்

என் தங்கை சாப்பாட்டைக் குறைக்கத் தொடங்கியபோது எங்கள் லயத்தில் எல்லோரும் அவளைப் பாராட்டினார்கள். எனக்குள்ள கோபங்களில் முதல் கோபம் அந்தப் பாராட்டின்மேல்தான்.

எங்கள் வீடு லுணுகலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்று. அம்மா கொழுந்து பறிக்கிறார். அப்பா நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோதே இறந்துவிட்டார். நான் பதுளை டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கினேன். தங்கையும், அவளுக்குக் கீழே இரண்டு சின்னவள்களும் அம்மாவோடு லயத்தில் இருந்தார்கள்.

நாட்டில் எல்லாவற்றுக்கும் மக்கள் வரிசையில் நின்ற காலம் அது. கோதுமை மாவு விலை ஏற ஏற, வீட்டில் ரொட்டி சிறுத்துக்கொண்டே வந்தது. தங்கை தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துச் சின்னவள்களின் தட்டில் வைக்க ஆரம்பித்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. வைத்துவிட்டு வெறும் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு பாடப் புத்தகத்தைத் திறந்துவிடுவாள். பக்கத்து வீட்டு அத்தை அதைப் பார்த்துவிட்டு, "இந்தப் புள்ளைக்கு வயிறே இல்ல, மனசு மட்டும்தான் இருக்கு" என்றாராம். அம்மா அதை எனக்குப் போனில் சொல்லும்போது குரலில் அவ்வளவு பெருமை.

பிறகு தவக்காலம் வந்தது. நாங்கள் கத்தோலிக்கர்கள். தங்கை நாற்பது நாளும் ஒருசந்தி இருந்தாள், ஒரு நாளைக்கு ஒரே வேளைச் சாப்பாடு. எங்கள் தோட்டத்துக் கோயில் உபதேசியார் இளையவர்களை எல்லாம் எழுப்பி நிற்கவைத்து, இந்தப் பிள்ளையைப் பார்த்துப் படியுங்கள் என்றார். அவளுக்கு அப்போது பதினேழு வயது. பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். அதுவரை அவளுக்கு யாரும் ஒரு மாலை போட்டதில்லை, ஒரு பரிசு கொடுத்ததில்லை. பசியோடு இருந்ததற்காக மட்டும் முதல்முறையாக ஊர் அவளைத் திரும்பிப் பார்த்தது.

ஈஸ்டருக்கு நான் வீட்டுக்குப் போனேன். மாவு பழையபடி கிடைக்கத் தொடங்கியிருந்தது. அம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தார். தங்கை துண்டைப் பிய்த்தாள், தட்டின் ஓரத்துக்குத் தள்ளினாள், எலும்புக்கு அடியில் மறைத்தாள். கடைசியில் தட்டோடு எழுந்துபோய் வாசல் நாய்க்குக் கொட்டினாள்.

"என்னாடி, தவக்காலந்தான் முடிஞ்சிருச்சே" என்றேன்.

"பழகிருச்சுக்கா. வேண்டாம்."

கிட்டே போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வெயில் காலத்தில் இரண்டு சுவெட்டர் போட்டிருந்தாள். விரல்கள் சில்லென்று இருந்தன. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. மாதத் தீட்டு நின்றுபோய்ப் பல மாதமாகிறது என்று அம்மா குசினி அடுப்பருகில் என் காதோடு சொன்னார். சொல்லிவிட்டு, "படிக்கிற புள்ள, ரொம்ப யோசிக்கிது" என்று அவரே ஒரு சமாதானமும் சொன்னார்.

அடுத்த மாதம் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் இரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். எங்கள் பெண்கள் எதற்காகப் போனாலும் அங்கே கிடைப்பது அந்த மாத்திரைதான். நான் அவளைக் கூட்டிக்கொண்டு ஹாலிஎலப் பக்கம் ஒரு தனியார் வைத்தியரிடம் போனேன். போகிற வழியில் பஸ்ஸில், ஜன்னல் பக்கம் பார்த்தபடியே தங்கை சொன்னாள்: "சோத்தப் பார்த்தா பயமா இருக்குக்கா. தின்னுட்டா நான் கெட்டவளாயிருவேன்னு தோணுது. தின்னாம இருந்தா மட்டுந்தான் நல்லா இருக்கேன்."

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அந்த வைத்தியரிடம் இதைச் சொன்னேன். வீட்டில் சாப்பாடு இருக்கிறது, ஆனால் இவளால் சாப்பிட முடியவில்லை, சாப்பிடப் பயப்படுகிறாள் என்றேன். சாப்பிட முடியாமல் போகும் ஒரு மனநோய் இருப்பதாக மருந்துக்கடைக்கு வந்த ஒரு சஞ்சிகையில் படித்திருக்கிறேன், அதுவாக இருக்குமா என்றும் கேட்டேன்.

அவர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. அன்பாகத்தான் சிரித்தார். அதெல்லாம் கொழும்பில் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிற பணக்காரப் பிள்ளைகளின் நோய், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வராது, உங்களுடைய ஆட்கள் எதையும் தாங்குவார்கள் என்றார். சத்துமாவு வாங்கிக் கொடுக்கச் சொல்லிவிட்டு அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டார்.

எங்களுக்கு நோய் வருவதற்குக்கூடத் தகுதி வேண்டியிருக்கிறது. மெலிந்த பெண் கொழும்பில் இருந்தால் மனதுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். லயத்தில் இருந்தால் வறுமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். எங்களுக்கு வயிறு மட்டும்தான் இருக்கிறது, உள்ளே ஒரு மனம் இல்லை என்று யார் முடிவு செய்தார்கள்?

லயத்துக்குத் திரும்பினால் அங்கே வேறு விசாரணை. யாரோ பேய் என்றார்கள், கயிறு கட்டச் சொன்னார்கள். முன்பு அவளைப் பாராட்டிய அதே அத்தை, "எந்தப் பயல நெனச்சு இப்படிக் காயிறா?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

வழி காட்டியவர் என் முதலாளி. பதுளை பஸாரில் பல வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர், அதிகம் பேசமாட்டார். நான் கவுண்டரில் நின்றுகொண்டே கண்ணைத் துடைப்பதை இரண்டு நாள் பார்த்திருக்கிறார். மூன்றாம் நாள் கடை திறந்ததும் கிட்டே கூப்பிட்டு என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன்.

"புள்ள, நாளைக்கு வேலைக்கு வர வேணாம்" என்றார். "அரசாங்க ஆஸ்பத்திரியில மனநல கிளினிக் ஒன்னு இருக்கு. தமிழ் பேசுற டொக்டரம்மா. நம்ம மகளையும் அங்கதான் காட்டினது."

அவருடைய மகளுக்கு என்ன என்று நான் கேட்கவில்லை.

அந்த வைத்தியர் மட்டக்களப்புப் பெண். தங்கையைப் பக்கத்துக் கதிரையில் இருத்தி, "நீங்க என்ன சாப்பிட்டீங்க எண்டு நான் கேக்கப் போறதில்ல. பயம் எப்ப வரும், அதைச் சொல்லுங்க" என்றார். தங்கை முதலில் தலை குனிந்தாள். பிறகு பேசினாள். அவள் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதே இல்லை. சின்னவள்களின் தட்டில் ரொட்டி வைத்தபோது மனம் லேசானதையும், கோயிலில் பெயர் சொன்னபோது உடம்பெல்லாம் சிலிர்த்ததையும், அதற்குப் பிறகு ஒரு வாய் கூடத் தின்றாலும் திருடியதுபோல இருந்ததையும் சொன்னாள். வைத்தியர் அவளை அவசரப்படுத்தவில்லை.

கூட வந்திருந்த அம்மாவிடம் அவர் சொன்னது: "இது பிடிவாதம் இல்ல அம்மா. பேயும் இல்ல. நோய். வைத்தியம் இருக்கு, ஆனா நாளெடுக்கும்."

"சோறு தின்ன வைக்கவா மருந்துங்க?" என்று அம்மா கேட்டார்.

"சோறுதான் மருந்து. பயத்துக்குத்தான் நாங்க இருக்கிறோம்."

முதலில் வார்ட்டில் வைத்திருந்தார்கள். பிறகு என் அறைக்குக் கூட்டிவந்தேன். நாளெடுக்கும் என்று அவர் சொன்னதன் பொருள் அங்கேதான் விளங்கியது. இரண்டு இடியப்பத்தின் முன்னால் அவள் உட்கார்ந்திருப்பாள், நான் எதிரே உட்கார்ந்திருப்பேன். தேத்தண்ணி ஆறிப்போகும். சில நாள் அழுவாள். ஒரு நாள் தட்டைச் சுவரில் எறிந்தாள். பருப்புக் கறையைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள், பிறகு ஒரு வாய் தின்றாள். முதலாளி என் வேலை நேரத்தைப் பகலுக்கும் பின்னேரத்துக்குமாகப் பிரித்துத் தந்ததால்தான் இதெல்லாம் முடிந்தது.

கிளினிக் நாட்களில் அம்மா லுணுகலையிலிருந்து பஸ் ஏறி வருவார். அதற்கு லீவு கேட்டபோது கங்காணி, "புள்ள சாப்பிட மாட்டேங்குதுன்னா லீவா? எம் மகனும்தான் கத்தரிக்கா சாப்பிட மாட்டான்" என்றாராம். காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக் களத்தில் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு பஸ் ஏறி வந்ததாகச் சொன்னார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றி எரிகிறது.

தங்கை தேறினாள். ஒரு வருடம் பிந்தி உயர்தரப் பரீட்சை எழுதினாள். கெட்ட நாட்கள் வந்தன, ஆனால் இடைவெளி விட்டு வந்தன.

அந்தச் சமயத்தில்தான் ஆய்வுக்காரர்கள் வந்தார்கள். நெருக்கடிக் காலத்தைத் தோட்டத்து மக்கள் எப்படிக் கடந்தார்கள், அவர்களின் மீண்டெழும் திறன் எப்படிப்பட்டது என்று ஒரு குழு படித்துக்கொண்டிருந்தது. யாரோ எங்களைச் சொல்லியிருக்கிறார்கள். மரியாதையான ஓர் இளம் பெண் என் அறைக்கு வந்து, சம்மதம் கேட்டு, ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்தார்.

"இவ்வளவு கஷ்டத்திலயும் நீங்க மீண்டு வந்திருக்கீங்க. உங்களுக்குள்ள எது அந்த பலத்தைக் கொடுத்துச்சு?"

தங்கை யோசித்துச் சொன்னாள்: "நான் மீண்டு வரலைங்க. என்னயத் தூக்கிட்டு வந்தாங்க. அக்காவுக்கு டவுன்ல ஒரு ரூம் இருந்துச்சு. டொக்டரம்மாவுக்குத் தமிழ் தெரிஞ்சிச்சு. அக்காவோட முதலாளி நேரத்த மாத்திக் குடுத்தாரு. இதுல ஒன்னு இல்லாட்டியும் நான் செத்திருப்பேங்க."

அந்தப் பெண் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கடவுள் நம்பிக்கையைப் பற்றிக் கேட்டார். அம்மாவின் தியாகத்தைப் பற்றிக் கேட்டார். தங்கை அவற்றுக்கும் பதில் சொன்னாள்.

சில மாதம் கழித்து, ஆய்வின் முடிவைச் சொல்லும் கூட்டத்துக்குப் பண்டாரவளையில் ஒரு மண்டபத்துக்கு எங்களை அழைத்தார்கள். தோட்டத்துப் பெண்களை பஸ் வைத்துக் கூட்டிவந்திருந்தார்கள். ஆளுக்கொரு சிற்றுண்டிப் பெட்டி. மேடையில் பேசிய பேராசிரியர், ஒன்றுமில்லாத இந்த மக்களிடம் ஓர் அபூர்வமான பலம் இருக்கிறது, விழுந்தாலும் எழும்புகிறார்கள், நகரத்தவர்கள் இவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். உணவுக் கோளாறு ஒன்றிலிருந்து நம்பிக்கையாலும் குடும்பப் பாசத்தாலும் மீண்ட ஓர் இளம் பெண் என்று ஒரு கதையும் சொன்னார். அந்தக் கதையில் அறை இல்லை. தமிழ் பேசும் வைத்தியர் இல்லை.

அம்மா என் பக்கம் சாய்ந்தார். "நம்மளப் பத்தியாடி பேசுறாங்க?"

"ஆமாம்மா."

"நல்லதாத்தானே சொல்றாங்க?"

எழுந்து நின்றேன். மைக் யாரும் தரவில்லை, அப்படியே பேசினேன். "ஐயா, அந்தப் பொண்ணு எந்தங்கச்சி. அவ தாங்கினதாலதான் நோய் வந்துச்சு. பசியத் தாங்குறா, நல்ல புள்ளன்னு எல்லாரும் சொல்லிச் சொல்லியே அவ படுத்துட்டா. நீங்களும் அதையேதான் இப்ப மேடையில சொல்றீங்க. எங்களுக்கு பலம் இருக்குன்னு எழுதிட்டீங்கன்னா, அதுக்கப்புறம் யாரு எங்களுக்கு டொக்டர் அனுப்புவாங்க?"

என்னிடம் வந்த அந்த இளம் பெண் ஏதோ சொல்ல எழுந்தார். அதற்குள் நிகழ்ச்சியை நடத்தியவர், நேரம் போதாது, கேள்விகளைப் பிறகு பேசுவோம் என்று நன்றியுரைக்குப் போய்விட்டார். பிறகும் யாரும் எங்களைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. அறிக்கை வந்ததா, எங்கள் வார்த்தை அதில் ஏறியதா என்று எனக்குத் தெரியாது.

வெளியே வந்ததும் அம்மா என்னைக் கடிந்துகொண்டார், பெரிய மனிதர்கள் முன்னால் அப்படிப் பேசலாமா என்று. தங்கை குறுக்கிட்டாள். "அக்கா பேசினது சரிதாம்மா. எனக்கே வாய் வரைக்கும் வந்துச்சு. வாங்க, கடையில உக்காந்து ஏதாவது சாப்பிடுவோம்." ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஒரு கடையில் மூவரும் கொத்து ரொட்டி சாப்பிட்டோம். நான் அவள் தட்டைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். முடியவில்லை. அவள் முக்கால்வாசி சாப்பிட்டாள்.

இப்போது தங்கை ஓர் ஆங்கிலப் பாலர் பாடசாலையில் உதவி ஆசிரியை. அந்த மட்டக்களப்பு வைத்தியர் இடமாற்றத்தில் போய்விட்டார். அவருக்குப் பதிலாக வந்தவர் பொறுமையானவர், ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது.

போன வாரம் கொஸ்லந்தையிலிருந்து ஒரு தாய் கடைக்கு வந்தார். மகளுக்குப் பசி எடுக்க ஒரு சிரப் வேண்டும் என்றார். ஏன் என்று கேட்டேன்.

"நல்ல புள்ளங்க. எல்லாத்தையும் தம்பி தங்கச்சிக்குக் குடுத்துட்டு அது பாட்டுக்கு இருக்கும். இப்பக் குடுத்தாலும் திங்க மாட்டேங்குது."

நான் சிரப்பை எடுக்கவில்லை. முதலாளியைத் திரும்பிப் பார்த்தேன். அவர்களோடு கிளினிக்குக்குப் போகச் சொல்லி அவர் தலையசைத்தார். அடுத்த கிளினிக் நாளில் அந்தத் தாயும் மகளும் உள்ளே போனபோது நானும் கூடப் போனேன். வைத்தியர் சிங்களத்தில் கேட்டார், நான் தமிழில் கேட்டேன். அந்தப் பிள்ளை என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. தன் பயத்தை இரண்டு அந்நியர்கள் வழியாக அது சொல்ல வேண்டும். ஒரு பிள்ளையை இப்படி உட்காரவைப்பது அநியாயம். ஆனாலும் அது மெதுவாகப் பேசத் தொடங்கியது. நான் ஒரு சொல்லும் விடாமல் சிங்களத்தில் சொல்லிக்கொண்டே வந்தேன்.