டி.பி. என்றதும் சிரித்தவர்

எட்டு வருடங்களுக்கு முன்பு, மலைமேல் எங்கள் ஊரான அரவேணுவின் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருந்தேன். கணவர் எஸ்டேட் லாரி ஓட்டினார். மகள் நாலாம் வகுப்பு. அந்த மழைக்காலத்தில் என் ரவிக்கையெல்லாம் தோளில் தொளதொளவென்று ஆகிவிட்டது. ஆனால் பாவாடை நாடா இடுப்புக்கு எட்டவில்லை. தைக்கக் கொடுக்க வந்த ஒரு அம்மா, "ஏனுங்க, விசேஷங்களா?" என்று கேட்டே விட்டார். சிரித்து மழுப்பினேன்.

சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல். சாப்பாடு இறங்கவில்லை. கேஸ் டிரபிள் என்று நானே மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் குன்னூரில் ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றில் நீர் கோத்திருக்கிறது, கர்ப்பப்பைக்குப் பக்கத்தில் கட்டி மாதிரியும் தெரிகிறது, புற்றுநோயாக இருக்கலாம், கோவைக்குப் போய்விடுங்கள் என்றார்கள்.

கோவை டாக்டரைப் பார்க்கக் காத்திருந்த நாட்களில், கடைக்கு வந்த துணிகளை ஒதுக்கிவிட்டு மகளுக்குப் பாவாடை சட்டை தைத்தேன். அப்போதைய அளவில் இல்லை. பத்து வயதுக்கு ஒன்று, பன்னிரண்டு வயதுக்கு ஒன்று, பெரியவளானால் உடுத்த ஒரு பட்டுப்பாவாடை. வளர்ந்தால் அவள் தோள் எவ்வளவு அகலம் இருக்கும் என்று யோசித்து யோசித்து வெட்டினேன். கணவர் பார்த்துவிட்டார். மெஷினுக்கு எண்ணெய் விட்டுக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

கோவையில் என்னைப் பார்த்தவர் என்னைவிட இளைய பெண் டாக்டர். ஸ்கேனைப் பார்த்த பிறகும் அவசரப்படவில்லை. காய்ச்சல் எப்போது வருகிறது, தூக்கத்தில் வேர்க்கிறதா, எவ்வளவு இளைத்தீர்கள் என்று பொறுமையாக விசாரித்தார்.

"வயித்தைத் திறந்து பெரிய ஆபரேஷன் பண்றதுக்கு முன்னாடி, சின்னத் துளை போட்டு கேமராவுல பார்த்துடலாங்க. கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பலாம். அதுக்கப்புறம் முடிவு பண்ணிக்கலாம்" என்றார்.

அப்படியே செய்தார்கள்; ரிசல்ட் வந்ததும் டாக்டரே வார்டுக்கு வந்தார்.

"கேன்சர் இல்லைங்க. உங்களுக்கு வயித்துல டி.பி."

கணவர் எழுந்து நின்றுவிட்டார். "டி.பி. தானுங்களா?" என்று கேட்டவர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரிப்பு. பக்கத்துக் கட்டில்காரர்கள் மிரண்டு பார்த்தார்கள். டாக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. "எனக்கு இருமலே இல்லீங்களே?" என்றேன்.

"நெஞ்சுல மட்டுந்தான் வரும்னு இல்லைங்க, வயித்துலயும் வரும். ஆறு மாசம் விடாம மாத்திரை சாப்பிடுங்க. உடம்பு தேறிடுச்சுன்னு நீங்களா நிறுத்திடக் கூடாது."

ஆறு மாதமும் கணவர் என்னைச் சமையல்கட்டுப் பக்கம் விடவில்லை. காலையில் மாத்திரையைக் கையில் கொடுத்து, நான் விழுங்கும்வரை நகரமாட்டார். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனபோது மட்டும் பதறிப்போய் நர்ஸுக்கு போன் போட்டார். "அது மாத்திரைக்கு அப்படித்தான் போகுங்ண்ணா, பயப்படாதீங்க" என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

சாயங்காலம் பனிமூட்டம் இறங்கினால் ஜன்னலைச் சாத்திவிட்டு மூவரும் அடுப்படியிலேயே உட்கார்ந்துகொள்வோம். கணவர் வடிக்கிற சோறு தினமும் குழைந்துபோகும். மகள் அதில் ரசத்தை ஊற்றிப் பிசைந்து, எனக்கு ஒரு வாய், அவளுக்கு ஒரு வாய் என்று முறை வைப்பாள். வயிறு வற்றியது; கன்னத்தில் சதை பிடித்தது.

இப்போது மகள் பன்னிரண்டாம் வகுப்பு, ஹாஸ்டலில் இருக்கிறாள். நோயில் கிடந்த நாட்களுக்கு யாராவது ஏங்குவார்களா? மழை பிடித்துக்கொண்ட சாயங்காலங்களில் நான் ஏங்குகிறேன். அதற்கப்புறம் எத்தனையோ நல்ல நாட்கள் வந்துவிட்டன. ஆனாலும் என்ன நோய் என்று தெரிந்து மலையேறி வீடு வந்த அன்று நாங்கள் மூன்று பேரும் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினோமே, அப்படியொரு தூக்கம் எனக்கு அப்புறம் வாய்க்கவே இல்லை.