கை தூக்கச் சொன்னது நான்

என் மகள் வென்றிருக்க வேண்டிய ஒரு போட்டியை நான் கெடுத்தேன். அடித்தவள் அவள். அடி சரியாக விழுந்தது. மூன்று நடுவர்களும் அவளுக்குக் கொடி தூக்கினார்கள். ஆனாலும் அந்தப் புள்ளி இல்லாமல் போனது என்னால்தான். ஒரே ஒருவரைத் தவிர இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நாலு பேர் இருந்தால் வாய் திறக்காத ஆள் நான். எழுத்தும் ஐந்தாம் வகுப்போடு விட்ட எழுத்து. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கொட்டாஞ்சேனையில் ஒரு லோண்டரியில் உடுப்பு அயன் பண்ணுவது என் வேலை. மகள் ஜப்பான் மொழி படிக்கப் போன இடத்தில் கெண்டோவைப் பிடித்துக்கொண்டாள். முகத்தை மூடிக் கவசம் போட்டுக்கொண்டு, மூங்கில் வாளால் எதிரியின் தலையிலோ மணிக்கட்டிலோ விலாவிலோ அடிக்கும் விளையாட்டு. ஆறு வருடமாக வேலை விட்டதும் வெள்ளவத்தைக்கு பஸ் ஏறுவாள். அங்கே கடலோரத்தில், ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு மண்டபத்தில் பழகுவாள். அந்த ஆறு வருடத்தில் நான் ஒரு நாளும் போய்ப் பார்க்கவில்லை. அங்கே வருகிறவர்கள் இங்கிலீசும் சிங்களமும் கலந்து பேசுகிற படித்த ஆட்கள். அவர்கள் நடுவில் போய் உட்கார எனக்குக் கூச்சம். அவள் போடும் அகலமான கருநீலக் காற்சட்டை பாவாடை மாதிரி இருக்கும். முன்னால் ஐந்து மடிப்பு, பின்னால் ஒரு மடிப்பு. அதை அயன் பண்ணிக் கொடுப்பது மட்டும் என் பங்கு.

இந்த வருடம் வெளிநாட்டில் நடக்கும் ஒரு போட்டிக்குப் பெண்கள் மூன்று பேரை அனுப்புவதாக இருந்தது. இரண்டு பேரை எடுத்துவிட்டார்கள். மூன்றாவது இடத்துக்கு என் மகளும் இரத்மலானையில் இருந்து வரும் ஒரு பெண்ணும் மோத வேண்டும். வென்றவள் போவாள்.

மகளுக்கு இதை விட்டால் வேறு வருடம் இல்லை. அவளுடைய இடது குதிகாலுக்கு மேலே இருக்கிற தடித்த நரம்பு தேய்ந்துபோயிருந்தது. கெண்டோவில் அந்தக் காலால்தான் உதைத்துப் பாய வேண்டும். இந்த வருடத்தோடு நிறுத்தாவிட்டால் ஒரு நாள் அறுந்துவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பயிற்சி கொடுக்கும் மிஸ்ஸுக்கு இது தெரியாது. எனக்கு மட்டும் சொன்னாள்.

"அஞ்சு நிமிஷம்தானே அப்பா. தாங்கும்" என்றாள்.

போட்டிக்கு முந்தின வாரம் என்னை வற்புறுத்திப் பயிற்சிக்குக் கூட்டிப் போனாள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எல்லாரும் ஒரே நிறம். முகம் தெரியாது. முதுகில் விரலளவு நாடா ஒன்று, ஒருவருக்குச் சிவப்பு, மற்றவருக்கு வெள்ளை. இருவரும் சேர்ந்து கத்துகிறார்கள். பத்து அடி சத்தம் கேட்டால் ஒன்பதுக்குக் கொடி எழும்புவதில்லை. பலகையில் யாரோ எழுதுகிறார்கள், அந்த எழுத்தும் எனக்குத் தெரியாது. பக்கத்து நாற்காலியில் தொப்பி போட்ட ஒருவர் இருந்தார். ஒவ்வொரு அடிக்கும் தலையாட்டி ரசித்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நான் என் முழங்காலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மகளிடம் சொன்னேன்.

"நீ அடிச்சா எனக்கு வெளங்க மாட்டேங்குது. புள்ளி கெடச்சா லேசா கையத் தூக்கு. நான் தெரிஞ்சிக்குவேன்."

"அய்யோ அப்பா, அதெல்லாம் ஏலாது. ஜெயிச்சேன்னு காட்டினா குடுத்த புள்ளியத் திரும்ப எடுத்திருவாங்க."

"சும்மா கத விடாத. கிரிக்கெட்ல ஒரு விக்கெட் விழுந்தா கிரவுண்டச் சுத்தி ஓடுறாங்க."

"அது கிரிக்கெட். இது வேற."

அவள் என்னைக் கேலி செய்கிறாள் என்றுதான் நினைத்தேன். எந்த ஊரிலாவது வென்றவன் சந்தோஷப்படுவது குற்றமாக இருக்குமா? போட்டியன்று காலையிலும் பஸ் தரிப்பில் வைத்துக் கேட்டேன். கெஞ்சினேன் என்று சொன்னால்தான் சரி. அவள் பெருமூச்சு விட்டு, "பாப்போம்" என்றாள்.

அன்று மகளுக்கு வெள்ளை நாடா. தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மூன்று வெள்ளைக் கொடிகள் எழும்பின. ஆட்கள் மெதுவாகக் கை தட்டினார்கள். அவளுடைய நிறம் எது என்றுகூட அந்தப் படபடப்பில் எனக்கு மறந்துபோயிருந்தது. அக்கம்பக்கம் பார்த்து முழித்தேன். தன் இடத்துக்குத் திரும்பிய மகள் முகமூடிக் கம்பிகளுக்கு உள்ளிருந்து என்னைப் பார்த்திருக்கிறாள். பிறகு இரத்மலானைப் பெண் மணிக்கட்டில் அடித்து ஒரு புள்ளி எடுத்தாள். இரண்டு புள்ளி எடுப்பவர் வெற்றி. ஒன்றுக்கு ஒன்றாக நின்றது.

அடுத்து மகள் பாய்ந்தாள். தலையில் விழுந்த அடியின் சத்தம் மண்டபக் கூரையில் போய்ப் பட்டது. எதிரியைத் தாண்டி ஓடித் திரும்பினாள். மூன்று வெள்ளைக் கொடிகளும் எழும்பின. திரும்பியவள் என் பக்கம் பார்த்து இடது கையைத் தோள் வரைக்கும் தூக்கினாள். அவ்வளவுதான். எனக்குப் புரிந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கூட்டத்தின் நடுவில் நான் எழுந்து நின்றேன்.

பெரிய நடுவர் மற்ற இருவரையும் நடுவில் கூப்பிட்டுப் பேசினார். தன் இடத்துக்குப் போனார். இரண்டு கொடிகளையும் கீழே பிடித்து, குறுக்கும் மறுக்குமாக ஆட்டினார்.

தொப்பி போட்டவர் தொடையில் அடித்துக்கொண்டார். "ச்சே! புள்ள என்ன வேல செஞ்சிட்டா!"

"என்னங்க நடந்தது?" என்று கேட்டேன். அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"கையத் தூக்கிட்டா அண்ணே. வெற்றியக் காட்டினா புள்ளி இல்ல. அது இந்த வெளையாட்டுட சட்டம். ஆறு வருஷம் பழகின புள்ளைக்கு இது தெரியாமலா ஈக்கும்? என்ன நெனச்சிச் செஞ்சாளோ."

உட்கார்ந்தேன். மீதி நேரத்தில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. நேரம் முடிந்தபோது பட்மிண்டன் ஆடுகிறவர்கள் இறகுப்பந்தும் மட்டையுமாக வாசலில் வந்து நின்றார்கள், அவர்களுக்கு மண்டபத்தை விட வேண்டும். மூன்று கிழமை கழித்து இருவரும் மறுபடியும் மோதட்டும் என்று மிஸ் சொல்லிவிட்டார்.

மூன்று கிழமை. இருபத்தொரு நாள். அஞ்சு நிமிஷம் தாங்கும் என்று சொன்ன கால்.

வீட்டில் அவள் என்னைத் திட்டவில்லை. ஒரு முக்காலியில் காலை வைத்து, துணியில் ஐஸ் கட்டி ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"நான்தானே சொன்னேன்" என்றேன்.

"என் கைதான் தூக்கினது, உங்க கை இல்ல."

"ஏன் தூக்கினே?"

"தெரியல. நீங்க காணாமப் போன புள்ள மாதிரி உக்காந்திருந்தீங்க."

அதற்குப் பிறகு அந்தப் போட்டியைப் பற்றி அவள் பேசவே இல்லை. சோறு போடவா, மழை வருமா, அவ்வளவுதான் பேச்சு. திட்டியிருந்தால் நான் தூங்கியிருப்பேன்.

அவளுக்காகச் செய்ய என் கையில் ஒன்றும் இல்லை. காலைக் கழற்றிக் கொடுக்க முடியாது. போன புள்ளியைத் திரும்பக் கேட்க முடியாது. இந்த விளையாட்டைப் பார்க்கவாவது கற்றுக்கொண்டால், மறுபடியும் அவள் என்னை நினைத்துத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்காது. யோசித்து யோசித்து நான் கண்டுபிடித்தது அது ஒன்றுதான்.

தொப்பி போட்டவருக்குப் பாமன்கடைச் சந்தியில் குழாய், ஆணி, பெயின்ட் விற்கும் கடை இருந்தது. அவருடைய மகள்தான் அணிக்கு முதலில் எடுபட்ட பெண். ஒரு பின்னேரம் அந்தக் கடையை மூன்று தடவை தாண்டிப் போனேன். நான்காவது தடவை அவரே வெளியில் வந்தார்.

"என்ன அண்ணே, ரோட்ட அளக்கிறீங்களா? உள்ளுக்கு வாங்க."

"மொதலாளி, எனக்கு அந்த வெளையாட்டப் பாக்கச் சொல்லித் தாங்க."

"மொதலாளியா? கடையில ஒரு ஆணி எடுக்கவும் பொஞ்சாதிட்டக் கேக்கிற ஆள் நான். நானா எண்டு சொல்லுங்க." முஸ்லிம் ஆட்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

கை தூக்கச் சொன்னது யார் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "நான் மொதல் நாள் 'அடி மகள், ஒடைச்சிப் போடு'ண்டு கத்தி, என்னயப் புடிச்சி வெளிய அனுப்பினாங்க. ஆறு மாசம் மகள் என்னோட கதைக்கல்ல" என்றார்.

பிறகு இரண்டு பிளாஸ்டிக் குழாயை எடுத்து ஒன்றை என் கையில் தந்தார். சிமெந்து மூட்டைகளுக்கு நடுவில் இருவரும் எதிரெதிரே நின்றோம். பெயின்ட் வாங்க வந்த ஒரு அம்மா பயந்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அடியப் பாக்காதீங்க. அடிக்கு முந்திப் பாருங்க. ரெண்டு வாள் நுனியும் நடுக்கோட்டுக்குச் சண்ட பிடிக்கும். நடு யார்ட கையில ஈக்கோ, அவங்கதான் அடிக்கலாம். அடிக்கக்குள்ள வாய், வாள், கால், மூணும் ஒண்டா விழணும். ஒண்டு பிந்தினாலும் கொடி இல்ல. அடிச்ச பொறகும் முடியல்ல. எதிரி இன்னும் என்னய வெட்ட வருவான் எண்டு நெனச்சி நிக்கணும். அந்த நெனப்பு விட்டுப் போனா அடியும் போச்சி. அதுக்குத்தான் கையத் தூக்கப்படாது. வெளங்குதா?"

விளங்கியது. என் மகள் அந்த நினைப்பை எதிரியிடம் இருந்து எடுத்து எனக்குத் தந்திருக்கிறாள். சுலபமாக விளங்கியது. விளங்காமல் இருந்திருக்கலாம்.

அதன் பிறகு பயிற்சி நடக்கும் நாளெல்லாம் லோண்டரியில் சொல்லிவிட்டு வெள்ளவத்தைக்குப் போனேன். முதல் கிழமை வாள் நுனிகள் மட்டும் தெரிந்தன. இரண்டாவது கிழமை, கொடி எழும்பாத அடிகள் ஏன் எழும்பவில்லை என்று தெரியத் தொடங்கியது: சத்தம் பெரிது, கால் பிந்தியது; கால் சரி, வாளின் பிடிப்பக்கம் பட்டது. சில அடிகளைப் பார்த்து என்னை அறியாமல் "ஆ" என்றேன். யார் அடித்தாலும் அழகாக இருந்தது. பாய்வதற்கு முன் ஒரு நொடி இருவரும் அசையாமல் நிற்பார்கள். அது எனக்குப் பிடித்துப்போனது. மகளின் கால் போய்க்கொண்டிருக்கிற நேரத்தில் இது பிடித்துப்போனதே என்று வெட்கமாகவும் இருந்தது.

பார்க்கத் தெரிந்த பிறகுதான் மற்றதும் தெரிந்தது. பாய்வதற்கு முன் இடது குதிகால் உதைக்கும்போது காற்சட்டையின் பின்மடிப்பு விரியும். ஒவ்வொரு பெண்ணுக்கும் விரியும். மகளுக்குப் பயிற்சியின் தொடக்கத்தில் விரிந்தது. பாதிக்கு மேல் விரியவில்லை. வலியில் அவள் காலை உதைக்காமல் உடம்பைத் தள்ளிப் பாய்ந்தாள். மிஸ்ஸின் கண்ணிலும் அது படவில்லை. ஆறு வருடமாக அந்த மடிப்பைப் போட்டவன் கண்ணுக்குத் தெரிந்தது.

"மிஸ்கிட்ட சொல்லிருவோம்மா" என்றேன்.

"சொன்னா நான் செத்துப் போவேன் அப்பா."

அவள் குரலை உயர்த்தவில்லை. நான் சொல்லவில்லை. சொல்லாதது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இரண்டாவது போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் முன்வரிசையில் உட்கார்ந்தேன், நானா பக்கத்தில். மகள் சிவப்பு. அவள் ஒரு தடவையும் என் பக்கம் பார்க்கவில்லை, பார்க்கத் தேவையும் இருக்கவில்லை. எல்லாம் எனக்குத் தெரிந்தது. நடுக்கோடு முதல் இரண்டு நிமிஷமும் அவள் கையில்தான் இருந்தது. எதிரியின் மணிக்கட்டில் அவள் அடித்த அடிக்கு மூன்று சிவப்புக் கொடிகள். நானா என் முழங்காலைப் பிடித்து அமுக்கினார். நான் மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது நிமிஷத்தில் அது விரியாமல் நின்றது. பின்னால் ரயில் ஒன்று போனது. நான் சாமியைக் கும்பிட்டேன். நேரம் முடிந்தால் அந்த ஒரு புள்ளியோடேயே அவள் வென்றுவிடுவாள்; நேரம் ஓடிவிட வேண்டும் என்று கும்பிட்டேன்.

அந்தப் பெண் ஒரு அடி முன்னால் வந்தாள். மகள் ஒரு அடி பின்னால் போனாள். தலையில் விழுந்தது. ஒன்றுக்கு ஒன்று. மறுபடியும் நின்றார்கள். மறுபடியும் அந்தப் பெண்ணின் வாள் நுனி நடுவுக்கு வந்து, மகளின் வாளை மெல்ல ஓரத்துக்குத் தள்ளியது. மகள் பின்னால் சாய்ந்தாள். நான் "வேணாம்" என்று வாய்க்குள் சொன்னேன். அந்தப் பெண் தலையில் அடித்தாள்; குரல், வாள், கால், மூன்றும் ஒரே சத்தமாக விழுந்தன. தாண்டிப் போய்த் திரும்பி, இன்னும் எதிரி இருக்கிறாள் என்பது போல அந்தப் பெண் நின்றாள். கொடி எழும்புவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் பார்த்ததிலேயே அழகான அடி அதுதான். என் கை இரண்டும் தானாகத் தட்டின. நானா திரும்பி என்னைப் பார்த்தார்.

மகள் எதிரிக்குக் குனிந்து வணங்கிவிட்டு, நேராக நடந்து வெளியே போனாள். நொண்டாமல் நடந்தாள்.

மண்டபம் மாடியில். எல்லாரும் இறங்கிய பிறகு பார்த்தால் அவள் மேல்படியில் உட்கார்ந்திருந்தாள். இறங்க முடியவில்லை. குதிகாலுக்கு மேலே கை வைத்துப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை, ஆனால் வீங்கிச் சுட்டது. இரண்டு படி கீழே நான் உட்கார்ந்தேன்.

"கை தட்டினீங்க" என்றாள்.

"ஆமா."

"ரெண்டாவது மென்னுக்குத்தானே?"

தலைக்கு விழும் அடியை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். "அதுக்குத்தான்" என்றேன். "மன்னிச்சிக்க."

"நான் எங்க விட்டேன்?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். நடுவர் அநியாயம் செய்தார் என்று சொல்லலாம். வேறு எந்தத் தகப்பனும் அதைத்தான் சொல்லியிருப்பான்.

"பின்னுக்குப் போனே. கால் ஒதைக்கல, அதனால பின்னுக்குப் போனே. அந்தப் புள்ள அதப் பாத்துட்டு வந்தா. அவ அடிச்சது சரி."

மகள் முகமூடியை மடியில் வைத்து, அதன் மேல் நெற்றியைச் சாய்த்து அழுதாள். ஆறு வருடத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. கீழே மிஸ் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் இரண்டு படி ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.